அப்பாவின் பொட்டியும் ஒரு பாகப்பிரிவினையும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே, புடுங்கப் புடுங்க முளைச்சுக்கிட்டே இருக்கு. ஆனா 2025 தீபாவளிக்கு ஊருக்குப் போய் நான் புடுங்கின ஆணியைப் பத்தி எழுதியே ஆகணும். இன்ஜினியரிங் முடிச்சுட்டு ஆறேழு வருஷமா பொட்டி தட்டியே சோறு சாப்பிடுற ஒருத்தன், சொந்த வீட்டுப் பொட்டியில சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்ட கதை இது.

நம்ம ஊர் திருத்தணி. அப்பாவுக்கு ஜாப் டைப்பிங், டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அடிச்சுக் கொடுப்பார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ரொம்ப வருஷம் கடை வெச்சிருந்தார். கொரோனாவுக்கு அப்புறம் வாடகை கட்டி மாளலன்னு கடையைக் காலி பண்ணிட்டு, பொட்டியையும் பிரிண்டரையும் வீட்டுத் திண்ணை ரூமுக்குக் கொண்டாந்துட்டார். மலை மேல கல்யாணம் பண்றதுக்குன்னே தமிழ்நாட்டுலேர்ந்தும் ஆந்திராவுலேர்ந்தும் ஜனங்க வர்ற ஊருங்கிறதால, பத்திரிகை வேலை மட்டும் குறையல.

எங்க ஊர்ல பத்திரிகைன்னா ரெண்டு பாஷை. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு. காரணம் ரொம்ப சிம்பிள். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணி ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்துச்சு. ம.பொ.சி. தலைமையில எல்லைப் போராட்டம் நடந்து, படாஸ்கர் வந்து பார்த்து, 1959-ல சட்டம் போட்டுக் கோடு கிழிச்சு, இந்தப் பக்கம் வந்தோம். கோடு நிலத்துல விழுந்துச்சு. வீட்டுக்குள்ள விழல. அப்பா தமிழ், அம்மா நகரிப் பக்கம். தமிழ்ப் பக்கத்தை அப்பா அடிப்பார், தெலுங்குப் பக்கத்தை அம்மா அடிப்பாங்க. பேஜ்மேக்கர்ல, அனு ஃபாண்ட் போட்டு. ரெண்டு பேருக்கும் ஒரே பொட்டி. அவர் எழுந்தா இவங்க உக்காருவாங்க.

2021 மே மாசம் அம்மா போயிட்டாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் மங்களம் பாடிட்டாங்க. அப்பாவோட பொட்டி 2015-ல வாங்கினது, நாலாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 அதுல ஏறாது. இன்டெல்னா எட்டாம் தலைமுறையாவது வேணும், டிபிஎம் 2.0 சில்லு வேணும், இப்படி ஏகப்பட்ட ஜாதகப் பொருத்தம். காசு கட்டியோ அவங்க கணக்குல உள்ள நுழைஞ்சோ 2026 அக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட்டை நீட்டிச்சுக்க வழி வெச்சிருந்தாங்கதான். ஒரு வருஷத்துக்காக எதுக்குன்னு நான் விட்டுட்டேன். புதுப் பொட்டி வாங்கலாம்பான்னா, "இது நல்லாத்தானேடா ஓடுது, இன்னாத்துக்கு?"ன்னு ஒரே கேள்வி. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. நல்லாத்தான் ஓடுது.

அப்ப லினக்ஸ் போட்டுடலாம்னு முடிவு பண்ணேன். ஆனா விண்டோஸைத் தூக்கிட முடியாது. ஏன்னா பேஜ்மேக்கர். அடோபி அதோட கடைசி வெர்ஷனை 2001-ல வெளியிட்டுட்டு அப்படியே விட்டுட்டாங்க. அதுக்கு யூனிகோடுன்னா என்னன்னே தெரியாது. பழைய ஃபாண்டெல்லாம் என்ன பண்ணும்னா, ஆங்கில எழுத்துக்கு இருக்கிற எண்ணைத் திருடி, அந்த இடத்துல தமிழ் எழுத்தோட படத்தை உக்கார வெச்சிடும். ஃபாண்ட் இருந்தா பத்திரிகை, இல்லேன்னா கிறுக்கல். அப்பா, அம்மா ரெண்டு பேரும் இருபது வருஷமா அடிச்சது மொத்தமும் இந்த ஜாதிதான். வைன் வெச்சு லினக்ஸ்லயே பேஜ்மேக்கரை ஓட்டப் பார்த்தவங்க இருக்காங்க. முகூர்த்த நாள் நெருங்குற நேரத்துல அதை நம்பிக் கடை நடத்த முடியாது.

அதனால ரெண்டும் இருக்கட்டும். ஒரே உறையில ரெண்டு கத்தி. பத்திரிகை அடிக்க விண்டோஸ், ஆனா அதுக்கு நெட் கட். மெயில், வாட்ஸப், இ-சேவை, யூட்யூப்ல பழைய பாட்டு, எல்லாத்துக்கும் லினக்ஸ் மின்ட் 22. அதுக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. பொட்டியைப் போட்டதும் எது வேணும்னு ஒரு பட்டியல் வரும், அம்புக்குறியால தேர்ந்தெடுத்து என்டர் தட்டினாப் போதும். அவ்ளோதான் டூயல் பூட்.

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன். இந்தப் பட்டியலை நான் முதமுதல்ல பார்த்தது பதிமூணு வயசுல. 2011 செப்டம்பர் 15 அன்னிக்கு அப்போதைய முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வெச்சது எங்க திருவள்ளூர் மாவட்டத்துலதான், காக்களூர்ல. அக்கா அப்ப ப்ளஸ் டூ. அவளுக்கும் ஒண்ணு வந்துச்சு. போட்டா ரெண்டு வரி வரும். ஒண்ணு விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொண்ணு பாஸ் லினக்ஸ், நம்ம சென்னை சி-டாக் 2007-ல கொண்டாந்தது. லட்சக்கணக்கான தமிழ்நாட்டுப் பிள்ளைங்க கையில அரசாங்கமே டூயல் பூட் கொடுத்துச்சுங்கிறதை நினைச்சா இப்பக்கூட ஆச்சரியமா இருக்கு. எத்தனை பேர் ரெண்டாவது வரியைத் தொட்டாங்கன்னு கேட்டுடாதீங்க. எங்க தெருவுல நான் ஒருத்தன். அதுவும் தெரிஞ்சு தொடல. விண்டோஸ் ஸ்டார்ட்டர்ல பின்னாடி இருக்கிற படத்தை மாத்தவே முடியாது, பூட்டு போட்டு வெச்சிருந்தாங்க. பாஸ்ல மாத்தலாம். நான் தளபதி ரஜினி படத்தை வெச்சேன். என் லினக்ஸ் ஆர்வத்தோட தத்துவப் பின்புலம் இவ்வளவுதான், ஹிஹி.

2014 ஏப்ரல் 8-ல எக்ஸ்பிக்கு ஆதரவு முடிஞ்சப்பவும் தமிழ்நாடு அரசு தன்னோட ஆபீஸ்களுக்கு பாஸுக்கு மாறிக்கச் சொல்லுச்சு. அதனால விண்டோஸ் ஒண்ணு சாகும்போது லினக்ஸ் நெனப்பு வர்றது இங்க புதுசு இல்லை.

தீபாவளி திங்கக்கிழமை. நான் சனிக்கிழமை மத்தியானம் சென்ட்ரல்லேர்ந்து திருத்தணி லோக்கல் பிடிச்சேன். பையில எட்டு ஜிபி பென்டிரைவ், அதுல மின்ட். மனசுல ஏகப்பட்ட திமிர்.

வீட்டுல நுழைஞ்சப்ப நகரியிலேர்ந்து ஒரு பார்ட்டி உக்காந்திருந்தாங்க, புருஷன் பொண்டாட்டி. பெரிய பையன் கல்யாணத்துக்கு 2017-ல அம்மா அடிச்ச பத்திரிகையைப் பத்திரமா பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொண்டாந்திருந்தாங்க. கார்த்திகையில ரெண்டாவது பையனுக்கு. "அதே மாதிரி வேணும் அண்ணா, அக்கா போட்ட மாதிரியே"ன்னு அந்தம்மா சொன்னாங்க. அப்பா, "ஃபைல் இருக்குதும்மா, புதன்கிழமை வாங்க"ன்னு அனுப்பி வெச்சார்.

அப்புறம் என்கிட்ட, "நீ இன்னாவோ பண்ணப் போறன்னியே, எல்லாம் பத்திரமா இருக்கும்ல?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுப்பா. சும்மா பார்ட்டிஷன் பிரிக்கிறதுதான்."

"பாகப்பிரிவினைன்னாலே பார்த்துதான்டா பண்ணணும்."

பேக்கப் எடுத்தியான்னு எந்த ப்ராஜெக்ட்ல யார் கேட்டாலும் முதல் ஆளா நிக்கிறவன் நான். அன்னிக்கு எடுக்கல. எக்ஸ்டர்னல் டிஸ்க் சென்னை ரூம்ல இருக்கு, அரை மணி நேர வேலைக்கு எதுக்குன்னு ஒரு அலட்சியம்.

ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி. விண்டோஸ் கணக்குப்படி 465. அதுல சி டிரைவ் 100, டி டிரைவ் 365. (மலைக்குப் படியும் 365. அப்பவே முருகனைக் கூப்பிட்டிருக்கணும்.) டி-யிலதான் மொத்த ஃபைலும். அதோட வால் பக்கத்துல ஒரு நூறு ஜிபியை வெட்டி மின்ட்டுக்குக் கொடுக்கணும். விண்டோஸ்லயே வெட்டப் பார்த்தேன். நகர்த்த முடியாத ஏதோ ஒரு ஃபைல் நடுவுல உக்காந்துக்கிட்டு, இருபது ஜிபிக்கு மேல தர மாட்டேன்னுச்சு. பென்டிரைவ்ல பூட் பண்ணி ஜிபார்ட்டடைத் திறந்தேன். டி-யைச் சுருக்கு, சரி, அப்ளை. மின்சாரம் போயிடாம பார்த்துக்கன்னு இந்த மாதிரி வேலைக்கெல்லாம் எழுதாத கைடே கிடையாது. கோடு நகர ஆரம்பிச்சுச்சு. வெளியில மழை.

நாற்பது சதவீதம் இருக்கும். கரண்ட் போச்சு.

யூபிஎஸ் இருக்கே? இருந்துச்சு. ஒரே ஒரு கீச்சு கீச்சிட்டு அதுவும் மூடிக்கிச்சு. பேட்டரி செத்து ரெண்டு வருஷம் ஆச்சாம். "நான் அதுல சும்மா பிளக் பாயின்ட்டுக்காகத்தான் போட்டு வெச்சிருக்கேன்"னு அப்பா இருட்டுல சொன்னார். அவ்வ்வ்வ்.

கரண்ட் வந்து விண்டோஸ் போட்டா, டி டிரைவ் பேரு மட்டும் இருக்கு. கிளிக் பண்ணா, ஃபார்மட் பண்ணாத்தான் பயன்படுத்த முடியும், பண்ணட்டுமான்னு கேக்குது. எத்தனையோ தடவை அடுத்தவன் பொட்டியில பார்த்து, "கேன்சல் குடுங்க பாஸ், பதறாதீங்க"ன்னு சொல்லியிருக்கேன். அன்னிக்கு எனக்கு வயித்துல அமிலம் ஊத்தின மாதிரி ஆயிடுச்சு.

அப்பா பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டிருந்தார். திட்டுவார்னு நெனச்சேன். எங்க ஊர் முருகன் கோபம் தணிஞ்சு வந்து நின்ன இடம்னு சொல்லுவாங்க, அதனாலதான் இங்க சூரசம்ஹாரமே கிடையாது. அப்பாவும் அன்னிக்கு அதே மாதிரி. திட்டல. "அம்மாதும் அதுலதான்டா இருக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போய்ப் படுத்துட்டார். நாலு அறை விட்டிருக்கலாம்.

எனக்கு அதுவரைக்கும் டி டிரைவ்னா 'டேட்டா'. அன்னிக்கு ராத்திரிதான் உள்ள என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. அம்மா ஃபோல்டருக்கு ஆள் பேர் வைக்க மாட்டாங்க, ஊர்ப் பேர்தான். நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு. அதுக்குள்ள வருஷம். ஒவ்வொரு பத்திரிகையோட ஓரத்துலயும் ஒரு சின்னக் கொடி டிசைன் இருக்கும், அவங்களே மெனக்கெட்டு வரைஞ்சது.

ஞாயித்துக்கிழமை காலையில முதல் வேலையா அரக்கோணம் போய் ஒரு டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கினேன். முந்தின நாளே வாங்கியிருந்தா அதே காசுதான். திரும்ப பென்டிரைவ்ல பூட் பண்ணி, போன் ஹாட்ஸ்பாட்ல டெஸ்ட்டிஸ்க்கை இறக்கினேன். கிறிஸ்டோஃப் கிரெனியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதி இலவசமாக் கொடுத்திருக்கிற மென்பொருள். பார்க்க 1985-ல எழுதின மாதிரி இருக்கும், கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. இந்த மாதிரி நேரத்துல ஒரு விஷயம் முக்கியம்: அடிபட்ட டிஸ்க்ல எதையும் எழுதக் கூடாது. சரி பண்றேன்னு செக்டிஸ்க் ஓட்டக் கூடாது, புதுசா எதையும் நிறுவக் கூடாது. முதல்ல உள்ள இருக்கிறதைப் படிச்சு வேற டிஸ்க்குக்கு எடுத்துக்கணும், ரிப்பேரெல்லாம் அப்புறம். டெஸ்ட்டிஸ்க் கொஞ்ச நேரம் தேடிட்டு ஒரு பட்டியல் காட்டுச்சு. கீழ தள்ளிக்கிட்டே போனேன். நகரி. புத்தூர். பள்ளிப்பட்டு.

"அப்பா!"ன்னு கத்தினேன். பக்கத்து வீட்டு அத்தை வந்துட்டாங்க.

காப்பி ஆக ஆரம்பிச்சது ஞாயித்துக்கிழமை மத்தியானம். முடிஞ்சது தீபாவளி அன்னிக்கு விடியக்காலம், அப்பா எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு வர்ற நேரம். பக்கத்து வீட்டிலேர்ந்து இன்வெர்ட்டர் லைன் இழுத்துப் போட்டு, ராத்திரி பூரா ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தேன். மொத்தத்துல 11 ஃபைல் வரல. அதுல அம்மாது எத்தனைன்னு நான் பார்க்கல. அப்பா பார்த்திருப்பார்.

அதுக்கப்புறம் நடந்த நிறுவல் கதையில சுவாரசியம் ஒண்ணும் இல்லை. டிஸ்க்கைப் புதுசாப் பிரிச்சு, டி-யை ஃபார்மட் பண்ணி, எடுத்ததையெல்லாம் திரும்பப் போட்டு, மிச்ச இடத்துல மின்ட். விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை மறக்காம நிறுத்தினேன். அது ஆன்ல இருந்தா விண்டோஸ் முழுசா மூடாம அரைத் தூக்கத்துல போயிடும், அப்ப லினக்ஸ்லேர்ந்து டி டிரைவைப் படிக்கலாமே தவிர எழுத முடியாது. அப்பா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். தமிழ்99 கத்துக்கோங்கன்னா கேக்கவே மாட்டார். நல்லவேளை, மின்ட்ல பழைய டைப்ரைட்டர் முறையும் இருக்கு. போட்டுக் கொடுத்ததும் விரல் தானா ஓடுச்சு. "பரவால்லியேடா, உன் பெங்குவினுக்கும் டைப்பு தெரியுது"ன்னார்.

சூட்டோட சூடா தெலுங்கு கீபோர்டும் சேர்த்தேன். இனிமே தெலுங்கும் நேரடியா யூனிகோடுல அடிக்கலாம்பான்னு பெருமையாக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "எனக்குத் தெலுங்கு அடிக்கத் தெரியாதுடா"ன்னார்.

எனக்கு மண்டையில அப்பதான் உறைச்சுது. அம்மா போன அப்புறமும் தெலுங்குப் பத்திரிகை போய்க்கிட்டுதானே இருக்கு? நாலு வருஷமா யார் அடிக்கிறாங்க?

புதன்கிழமை பார்த்தேன். விண்டோஸ்ல பூட் பண்ணி, அந்த நகரிக்காரங்களோட 2017 ஃபைலைத் திறந்தார். மாப்பிள்ளை பேர், பொண்ணு பேர், தேதி மாத்தணும். அப்பாவுக்குத் தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அடிக்க வராது. அம்மாவோட பழைய ஃபைல் ஒவ்வொண்ணாத் திறக்கிறார். ஒண்ணுலேர்ந்து ஒரு எழுத்து, இன்னொண்ணுலேர்ந்து ஒரு எழுத்து, காப்பி பண்ணி இங்க ஒட்டுறார். எந்த எழுத்து எந்த ஊர் ஃபோல்டர்ல கிடைக்கும்னு மனப்பாடமா வெச்சிருக்கார். நாலு வருஷமா எல்லாத் தெலுங்குப் பத்திரிகையும் இப்படித்தான். அம்மா அடிச்ச எழுத்துலேர்ந்தே.

பொண்ணுக்கு காளஹஸ்தி அம்மன் பேரு, ஞானப்பிரசூனா. தெலுங்குல அந்த முதல் எழுத்து ஜ-வும் ஞ-வும் சேர்ந்த கூட்டெழுத்து, சாதாரணமா எல்லாப் பேர்லயும் வராது. நான், "நகருங்கப்பா, மின்ட்ல ஒரு செகண்ட்ல அடிச்சுப் படமா எடுத்துத் தர்றேன்"னேன். அடிச்சும் காட்டினேன். கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேற எழுத்துடா"ன்னுட்டு, திரும்ப விண்டோஸுக்குப் போய் அரை மணி நேரம் தேடினார். புத்தூர் ஃபோல்டர்ல, காளஹஸ்திக்கு டூர் போற ஒரு பஸ்காரங்க நோட்டீஸ்ல கிடைச்சுது. ஒட்டினார். பக்கத்து எழுத்தோட இடைவெளியைச் சரி பண்ணார். நகரிக்காரங்க சாயந்திரம் வந்து ப்ரூஃப் பார்த்தாங்க. அந்தம்மா ஓரத்துல இருந்த கொடி டிசைனை விரலால தடவிப் பார்த்துட்டு, "அதே"ன்னாங்க.

நான் அன்னிக்கு ராத்திரி ரயிலேறிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு, விடியக்காலம் அஞ்சே காலுக்கு போன். அந்த நேரத்துக்கு ஊர்லேர்ந்து போன் வந்தா நெஞ்சு அடைக்கும் இல்லையா.

"டேய், பில்லுல நேத்து தேதி விழுதுடா."

"என்னப்பா?"

"இப்ப மணி அஞ்சே கால். பொட்டியில பார்த்தா பதினொண்ணே முக்கால் காட்டுது. ராத்திரி."

பல்பு எரிஞ்சுது. பொட்டிக்குள்ள ஒரு கடிகாரம் உண்டு, கரண்ட் இல்லாதப்பவும் ஓடுறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம்னு எடுத்துக்கும். லினக்ஸ் அதுல உலகப் பொது நேரத்தை எழுதி வெச்சிடும். நமக்கும் அதுக்கும் அஞ்சரை மணி நேர வித்தியாசம். நெட் இருந்தா விண்டோஸ் தானே திருத்திக்கும். நெட்டைத்தான் நான் புடுங்கி வெச்சிருக்கேனே! முந்தின ராத்திரி மின்ட்ல பாட்டு கேட்டுட்டு மூடியிருக்கார், காலையில விண்டோஸ் அஞ்சரை மணி நேரம் பின்னாடி போய் நிக்குது.

மின்ட்ல பூட் பண்ணச் சொல்லி, டெர்மினலைத் திறக்கச் சொல்லி, கடிகாரத்தை உள்ளூர் நேரத்துலயே வெச்சுக்கன்னு சொல்ற ஒரு வரிக் கட்டளையை போன்ல எழுத்து எழுத்தாச் சொன்னேன். முப்பது எழுத்துக்குப் பக்கத்துல வரும், நடுவுல ரெண்டு கோடு வேற. ஆபீஸ்ல ஃப்ரெஷர்ஸ் பசங்களே மூணு தடவை தப்பா அடிப்பாங்க. இந்தப் பக்கம் டக்டக்டக்னு சத்தம் கேட்டுச்சு. முதல் தடவையே சரி.

"சரி, வெச்சிடவா? மலைக்குப் போற கூட்டத்துல ஒருத்தர் ஜெராக்ஸுக்கு நிக்கிறார்"ன்னு வெச்சுட்டார்.

டிஸ்கி: யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டாச்சு. ஒரு டெராபைட் டிஸ்க் அங்கயே இருக்கு, வாரா வாரம் பேக்கப் ஓடுது. இன்னொரு காப்பி சென்னையில என்கிட்ட. வராமப் போன அந்த 11 ஃபைலை இன்னும் ஃபார்மட் பண்ணாம வெச்சிருக்க முடியாம போச்சேன்னுதான் இருக்கு. டி-யை அவசரப்பட்டு ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு இமேஜா எடுத்து வெச்சிருக்கணும். நீங்க யாராவது இந்த மாதிரி மாட்டினா அதைச் செய்யுங்க.